கடைசி வரிக்கு இரண்டு அர்த்தம்

போன மார்ச்சோடு என் வகுப்புகள் முடிந்தன. உங்களில் பலர் எனக்கு முன்பே டஸ்டரை மேசைமேல் வைத்துவிட்டு வந்தவர்கள். அதனால் அந்த அசதியைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "இந்தக் கவிதையில் பேசுவது யார், யாரிடம் பேசுகிறார்" என்று முப்பது ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறேன். யாராவது வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிடும். கடைசிச் சில ஆண்டுகளில் பிள்ளைகள் கவிதையைப் போனில் படம் பிடித்தார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் பொருள் திரையில் வந்து நிற்கும். பெரிய தப்பு ஒன்றும் அதில் இருக்காது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. சரி, எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இப்போது வீட்டில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது என்னுடைய வகுப்பு எதுவும் ஞாபகத்துக்கு வருவதில்லை. எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது, மன்னவனூரில் எங்கள் வீட்டு அடுப்படியில் இரண்டு பெண்கள் ஒரே ஒரு கவிதையை ஒரு மழைக்காலம் முழுவதும் படித்தார்கள். அதுதான் வருகிறது. அதைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். கோர்வையாக வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஆட்டுப் பண்ணையில் ஸ்டோர் பார்த்தார். தீவன மூட்டை, மருந்து, கம்பளி மயிர் வெட்டும் கத்திரி எல்லாம் அவர் பொறுப்பு. சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழையும்போதே ஈரக் கம்பளி வாடை முன்னால் வந்துவிடும். அவருடைய காக்கிக் கோட்டை அடுப்புக்கு மேலே கொடியில் போடுவார்கள். அது காயக் காய வீடு முழுக்க ஒரு பெரிய நனைந்த ஆடு படுத்திருக்கிற மாதிரி இருக்கும். அந்த வாடையில்தான் நான் எழுத்துக் கற்றேன், பல்லாங்குழி ஆடினேன், காய்ச்சலில் கிடந்தேன். இன்றைக்கும் மழையில் நனைந்த ஸ்வெட்டர் மூக்கருகே வந்தால் எனக்குப் பசிக்கிறது.

அம்மா அங்கே இருந்த மிஷன் துவக்கப்பள்ளியில் ஆசிரியை. அவளைத் தவிர ஒரு தலைமையாசிரியர், இன்னொரு டீச்சர். அந்த டீச்சரை ஊரில் எல்லோரும் சிலோன் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அப்போது முப்பது வயது இருக்கலாம். கல்யாணம் ஆகவில்லை. அவரும் அவருடைய அப்பாவும்தான் வந்தார்கள். ஒரே குடும்பத்தில் சிலருக்கு இந்த நாட்டுக் குடியுரிமைக் காகிதம் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. டீச்சரின் அண்ணனுக்குக் காகிதம் வராததால் அவருடைய அம்மா அண்ணனோடு அங்கேயே நின்றுகொண்டார். இங்கே வந்த மறு வருஷம் டீச்சரின் அப்பா இறந்துபோனார். டீச்சர் பள்ளிக்கூடத்தை ஒட்டிய அறையில் தனியாக இருந்தார். அவர் மலைக்கு வந்த முதல் குளிர்காலத்தில், போர்வை இல்லாமல் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, என் அப்பாதான் பண்ணையிலிருந்து வாங்கிய கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் அப்பாவைப் பற்றி வேறு விதமாகவும் சொல்ல வேண்டி வரும்.

அம்மாவும் சிலோன் டீச்சரும் தபால் வழியில் பி.லிட். படித்தார்கள். அதை முடித்தால் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் ஆகலாம். டீச்சருக்கு அதில் பெரிய கணக்கு ஒன்றும் இருந்த மாதிரித் தெரியவில்லை. அம்மாவுக்கு இருந்தது. மன்னவனூரில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் அப்போது படிக்க வழியில்லை. அம்மா பாஸ் பண்ணிக் கொடைக்கானல் டவுனுக்கு மாற்றல் வாங்கினால்தான் நான் மேலே படிக்க முடியும். இல்லாவிட்டால் கீழே பழனியில் பெரியப்பா வீட்டில் விட வேண்டும். அந்த வீட்டில் என்னை விடுவதற்கு அம்மாவுக்கு மனமில்லை. அதனால் அவளுக்கு அந்தப் பரீட்சை, பரீட்சை மட்டும் இல்லை.

பாடங்கள் பழுப்பு உறையில் பஸ்ஸில் வரும். சைக்ளோஸ்டைல் செய்த தாள்கள், ஓரத்தில் வெள்ளை நாடா கோத்துக் கட்டியிருக்கும். பிரித்ததும் ஒரு மண்ணெண்ணெய் வாடை. மலை ஈரத்தில் மை பரவி, சில இடங்களில் எழுத்தெல்லாம் கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் முளைத்து நிற்கும். இலக்கணம், காப்பியம் எல்லாம் அம்மா தண்ணீர்பட்ட பாடாகப் படித்துக்கொண்டு போனாள். இடறியது புதுக்கவிதை. எதுகை இல்லை, மோனை இல்லை, சொல்வது என்ன என்றும் தெரியவில்லை. இதை எழுதியவருக்கே தெரியுமா என்று அம்மா தாளைப் பார்த்துக் கேட்பாள்.

சிலோன் டீச்சர் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கையோடு தன் எனாமல் கோப்பையைக் கொண்டு வருவார். நீல விளிம்பு உதிர்ந்து, அடியில் கறுத்துப்போன கோப்பை. அதில் தவிர வேறு எதிலும் தேத்தண்ணி குடிக்க மாட்டார். எங்கள் வீட்டில் காபிதான். அவருக்காக அம்மா தேயிலை வாங்கி வைத்தாள். சீகை விறகு புகைய, இரண்டு பேரும் அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்காருவார்கள். நடுவில் தாள். பக்கத்தில் பச்சைப் பட்டாணிக் கூடை. உரிக்கிற வேலை எனக்கு.

அந்தக் கவிதை பத்து வரிகூட இராது. எழுதியவர் பெயர் இருந்த இடத்தில் மை கரைந்து போயிருந்தது. ஒரு வீடு. சாயங்காலம். அடுப்புச் சாம்பல் அள்ளியாயிற்று. குடம் கவிழ்த்து வைத்திருக்கிறது. கதவு திறந்திருக்கிறது. வாசலில் ஆள் இல்லை. அப்புறம் ஒரு வரி இடம் விட்டு, தனியாக ஒரே ஒரு சொல்: வருகிறேன். முற்றுப்புள்ளிகூடக் கிடையாது. அவ்வளவுதான்.

நம் ஊரில் யாரும் போகிறேன் என்று சொல்லிக் கிளம்ப மாட்டோம் அல்லவா? அடுத்த தெருவுக்குப் போனாலும் வருகிறேன், கடல் கடந்து போனாலும் வருகிறேன். அப்படியானால் அந்தக் கடைசி வரியைச் சொல்கிறவர் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறாரா, வீட்டைவிட்டுக் கிளம்புகிறாரா? அதுதான் கேள்வி. இரண்டு பேருக்கும் முதல் நாளே சண்டை வந்துவிட்டது.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு யாராவது வீட்டில் இருப்பார்களா, இது கிளம்புகிற வீடு என்றாள். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் வருகிறது என்றால்தான் குடத்தைக் கழுவிக் கவிழ்ப்பார்கள், பழைய சாம்பலை அள்ளிப் போட்டு அடுப்பைச் சுத்தம் பண்ணுவார்கள், கதவு வேறு திறந்திருக்கிறது, கிளம்புகிறவள் கதவைச் சாத்த மாட்டாளா என்று கேட்டார். அம்மா மறுநாள் யோசித்துக்கொண்டு வந்து பதில் சொன்னாள். அதற்கு டீச்சர் வேறொன்று சொன்னார்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டானது. யார் எதைச் சொன்னாலும் மற்றவர், எந்தச் சொல்லில் இருக்கிறது, காட்டு என்று கேட்கலாம். விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அடுப்புக்கரி படிந்த அம்மாவின் விரலும், சாக்பீஸ் படிந்த டீச்சரின் விரலும் அந்தச் சின்னத் தாளில் மாறி மாறி நகர்ந்ததை நான் பட்டாணி உரித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். அம்மா வேறு யாரோடும் அப்படிப் பேசி நான் கண்டதில்லை. குரல் ஏறும், சிரிப்பாள், சில நாள் அடுப்பில் சோறு தீயும். நீங்களும் நானும் பிற்பாடு எத்தனையோ பயிலரங்குகளில் டீயும் பிஸ்கட்டும் தின்றுகொண்டு நுட்பமாக வாசிப்பது பற்றிப் பேசினோம். அந்த அடுப்படியில் நடந்ததற்குப் பக்கத்தில்கூட எதுவும் வரவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.

ஆடி மாதம் டவுனில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். கீழே சமவெளியிலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்தார். அப்பாவுக்குப் பண்ணையில் சோலி இருந்ததால் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வெள்ளனே கிளம்பி, பூம்பாறை வளைவுகளில் வாந்தி எடுத்து, டவுனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏரி தெரியாதபடி மூடுபனி. ஹாலில் குரங்குக் குல்லா போட்ட ஆசிரியர்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். விரிவுரையாளர் கழுத்துக்கு இரண்டு சுற்று மப்ளர் சுற்றி, பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் குடித்துக் குடித்துப் பேசினார். அந்தக் கவிதைக்கு வந்தபோது, இது புதிய சமுதாயத்தின் குரல், பழைய அமைப்பு ஓய்ந்துவிட்டது, திறந்த கதவு மக்களின் மனம், வருகிறேன் என்பது விடியல் சொல்வது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எல்லோரும் எழுதினார்கள். அம்மாவும் எழுதினாள். ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டாள்.

சிலோன் டீச்சர் எழுந்து நின்றார்.

"சார், விடியல் வருதுன்னா அடுப்புச் சாம்பல ஏன் சார் அள்ளி வச்சிருக்காங்க? எனக்கு விளங்கல."

விரிவுரையாளர் சிரித்தார். கெட்ட சிரிப்பு ஒன்றும் இல்லை. அவருக்கும் குளிர்ந்தது, அவருக்கும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கவிதையை அடுப்படியில் வைத்துப் பார்க்கக் கூடாதம்மா, குறியீடாகப் பார்க்க வேண்டும் என்றார். ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் உட்கார்ந்துகொண்டார். திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா அவரைச் சமாதானப்படுத்தினாள். வருகிறார் என்றுதானே அவரும் சொல்கிறார், நீங்கள்தான் ஜெயித்தீர்கள் என்றாள். டீச்சர் ஜன்னலைப் பார்த்தபடி, முடிவு ஒன்றுதான், ஆனால் அவர் கவிதையை வாசிக்கவே இல்லை என்றார். அம்மாவின் மடியில் அடிக்கோடு போட்ட தாள் இருந்தது.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் செய்தி வந்தது.

அப்பாவின் டிரான்சிஸ்டரில் முதலில் சொன்னார்கள். இலங்கையில் கலவரம். தோட்டப் பகுதிகளில் லயங்களுக்குத் தீ வைக்கிறார்கள் என்று மறுநாள் பஸ் டிரைவர் கொண்டு வந்த பேப்பரில் இருந்தது. லயம் என்றால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள் என்று டீச்சர் எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார். அவருடைய அம்மா இருந்த தோட்டத்தின் பெயரை அப்பா பேப்பர் முழுவதும் தேடினார். இல்லை. இல்லை என்பது நல்லதா கெட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. தலைமையாசிரியர் டீச்சரைக் கூப்பிட்டு, பத்து நாள் லீவு எடுத்துக்கொள்ளும்மா என்றார். எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று டீச்சர் கேட்டாராம். மறுநாள் வழக்கம்போல மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். சாயங்காலம் எனாமல் கோப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பலகையில் உட்கார்ந்தார். நாடாவை அவிழ்த்துத் தாளை எடுத்தார்.

இது ஊருக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, தலை சீவிப் பூ வைக்காததுதான் பாக்கி என்றார்கள். அப்பாவுக்கும் தாங்கவில்லை. டீச்சர் போன பிறகு கோட்டைக் கொடியில் போட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"பெத்தவ இருக்காளா போயிட்டாளான்னு தெரியாமக் கெடக்கு. இந்தப் புள்ள என்னடான்னா பாட்டுக்கு அர்த்தம் தேடிட்டு உக்காந்துருக்கு. கல்லு நெஞ்சு. நீயும் அதோட சேர்ந்துக்கிட்டு."

போர்வை கொண்டு போய்க் கொடுத்த அதே மனிதர்தான். அவர் அளவில் அவர் சொன்னது நியாயம். துக்கம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. நானும் அதை நம்பினேன். அதற்குப் பிறகு டீச்சர் தலையைத் தடவினால் நெளிந்து விலகிப் போவேன். அந்த ஊரிலேயே எங்கள் அடுப்படி ஒன்றில்தான் "தகவல் வந்துச்சா" என்று கேட்காமல் அவரை உட்கார விட்டார்கள் என்பது, எனக்கும் துக்கம் வந்த வயதில்தான் உறைத்தது.

அந்த வாரம் மழை விடவே இல்லை. தாள்கள் எல்லாம் நமத்து, தொட்டால் துணி மாதிரி மடங்கின. ஒரு நாள் சாயங்காலம் பட்டாணி இல்லை. நான் உருளைக்கிழங்கில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அம்மா திடீரென்று சொன்னாள்.

"நல்லா யோசிச்சுப் பாத்தேன் டீச்சர். நீங்க சொன்னதுதான் சரி. வராங்கன்னுதான் அர்த்தம்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தச் சொல்லுல இருக்கு?"

அம்மா தடுமாறினாள். விரலை எடுத்துத் தாளில் வைத்தாள், நகர்த்தினாள். கதவு திறந்துதானே இருக்கிறது என்றாள். போன மாதம் டீச்சர் சொன்ன வாதத்தையே அவருக்குத் திருப்பிச் சொன்னாள். டீச்சர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்னயப் பாத்துப் பாவப்பட்டுச் சொல்றீங்க. எனக்குப் பாவப்படுங்க அக்கா, வேணாங்கல. கவிதைக்குப் பாவப்படாதீங்க."

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. டீச்சர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வரிகளை ஒவ்வொன்றாக, வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற அதே குரலில் படித்தார். பிறகு, கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமலே பேசினார்.

"நாங்க கெளம்புன அன்னைக்கு அம்மா அண்ணன் லயத்துக்குச் சாமானக் கொண்டு போயிருச்சு. கடைசியா வந்து அடுப்புச் சாம்பல அள்ளுச்சு. அடுத்து வர்றவங்க அசிங்கமா நெனைக்கக் கூடாதாம். கொடத்தக் கவுத்து வச்சுச்சு. கதவ யாரும் சாத்தல. சாத்திப் பூட்ட அது எங்க வீடா? தோட்டத்து வீடு. நாங்க மூணு பேரும் வாசல்ல நின்னோம். அப்பாதான் அந்தச் சொல்லச் சொன்னாரு. திரும்பி வரப் போறதில்லன்னு மூணு பேருக்கும் தெரியும்."

விறகு ஒன்று சரிந்து பொறி பறந்தது. யாரும் அதைத் தள்ளி வைக்கவில்லை.

"நீங்க மொத நாளே சரியாத்தான் வாசிச்சீங்க அக்கா. இது கெளம்புற வீடுதான். இதுக்குள்ள என் ஆசைய வச்சு நான்தான் வாசிச்சுட்டேன்."

அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுதாள். டீச்சர் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் கையிலிருந்த கத்தியை வாங்கி ஓர் உருளைக்கிழங்கை எடுத்துச் சுரண்டினார். அடுத்த கவிதைக்குப் போவோமா என்று கேட்டார்.

அப்பா வாசல்படியில் மண்ணெண்ணெய்க் கேனோடு நின்றிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். எதுவரை கேட்டாரோ தெரியாது. கேட்டது பாதி, புரிந்துகொண்டது அதில் பாதி. தாய் வரமாட்டாள் என்று டீச்சரே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள், தகவல் வந்திருக்கும்போல என்று மறுநாள் பண்ணையில் சொல்லியிருக்கிறார். மத்தியானத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் பெண்கள் கூட்டமாக டீச்சரின் அறைக்குத் துக்கம் விசாரிக்கப் போனார்கள். குழாயடியில் ஏசிய அதே பெண்கள். ஒருத்தி வாசலிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். அம்மா விஷயம் தெரிந்து என்னை இழுத்துக்கொண்டு வெரசாக ஓடினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் எல்லோரையும் உள்ளே உட்காரவைத்துத் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். தகவல் ஒன்றும் வரவில்லை என்று ஒரே ஒரு முறை சொன்னார். அது அவர்கள் காதில் ஏறவில்லை. அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஊர் டீச்சரிடம் மிகவும் பிரியமாகிவிட்டது. முட்டைகோஸ், கேரட், பூண்டு என்று யாராவது கொண்டு வந்து அவர் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். அப்பாகூடத் தலையைக் குனிந்துகொண்டு, என்ன உதவி வேண்டுமானாலும் கேளும்மா என்றார். அந்தப் பிரியத்தை டீச்சர் எப்படித் தாங்கினாரோ.

பரீட்சை மார்கழியில் நடந்தது. அதே ஹால். விரல்கள் விறைத்துப் பேனா நிற்கவில்லை என்று அம்மா பிறகு சொன்னாள். அந்தக் கவிதை கேள்வியாக வந்திருந்தது. மையப்பொருளை விளக்குக. நான் வெளியே பைன் மரத்தடியில் அப்பாவோடு வேர்க்கடலை தின்றுகொண்டு நின்றேன். இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். அம்மா என்னைப் பார்க்காமல் டீச்சரைப் பார்த்து, நான் நோட்ஸைத்தான் எழுதினேன் என்றாள். புதிய சமுதாயம், விடியல், மக்களின் மனம் எல்லாம் எழுதினேன் என்றாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினார்.

"எழுதத்தான் வேணும் அக்கா. புள்ளயக் கூட்டிட்டு டவுனுக்குப் போகணும்ல."

அவர் என்ன எழுதினார் என்று அம்மா கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. ரிசல்ட் வந்தபோது இரண்டு பேரும் பாஸ். அந்தத் தாளில் அம்மாவுக்கு நல்ல மார்க். டீச்சர் மயிரிழையில் தப்பியிருந்தார். தலைமையாசிரியர் அம்மாவுக்கு மட்டும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். அம்மா அதைப் பிரிக்காமலே டீச்சரிடம் கொண்டு போனாள். பாதியை அவர் எனக்குக் கொடுத்துவிட்டார்.

அதற்கு முன்பே, தை மாதத்தில், டவுன் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஓர் ஆள் மூலம் டீச்சருக்குத் தகவல் வந்திருந்தது. அவருடைய ஊர்க்காரர். அண்ணன் குடும்பத்துக்குக் காகிதம் கிடைத்துக் கப்பலில் வந்துவிட்டார்கள், மண்டபம் முகாமில் இருக்கிறார்கள் என்றார். டீச்சர் அன்றைக்கே கிளம்பினார். அப்பாதான் பஸ் ஏற்றிவிட்டார். வழிக்குக் கட்டுச்சோறும் தன் மப்ளரும் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து டீச்சர் திரும்பி வந்தார். அண்ணன், அண்ணி, மூன்று பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். அவருடைய அம்மா வரவில்லை.

செத்துப்போகவில்லை. உயிரோடு, நல்லபடியாகத்தான் இருக்கிறாராம். லயம் எரிந்தபோது எல்லோரும் தேயிலைக் காட்டுக்குள் ஒளிந்திருந்து தப்பியிருக்கிறார்கள். கப்பல் ஏறுகிற நாள் வந்தபோது, நான் தங்கச்சி வீட்டில் இருந்துகொள்கிறேன், நீங்கள் போங்கள் என்று சொல்லிவிட்டாராம். ஏன் என்று அண்ணன் எவ்வளவோ கேட்டிருக்கிறார். பதில் இல்லை. டீச்சர் இதை எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டு வந்தபோது, முதல் முறையாகக் குரல் உடைந்து அழுதார். அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அதுதான் உயிரோடு இருக்கிறார்களே, சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே என்று வெளியே வந்து என்னிடம் கேட்டார். ஒன்பது வயதுப் பிள்ளையிடம்.

அண்ணன் குடும்பத்துக்கு நீலகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை ஒதுக்கினார்கள். பிள்ளைகளைப் படிக்கவைக்க ஆள் வேண்டும் என்று டீச்சரும் அங்கே போய்விட்டார். ஓரிரண்டு வருஷம் பொங்கல் வாழ்த்து வந்தது. பிறகு எங்களுக்கும் முகவரி மாறியது, அவர்களுக்கும் மாறியிருக்கும். அம்மா ஒரு முறை கோத்தகிரி வரை போய் விசாரித்துவிட்டு வந்தாள். அந்தப் பெயரில் இரண்டு மூன்று டீச்சர்கள் இருந்தார்களாம், ஒருவரும் அவரில்லை. பாடக் கட்டுகளை வீடு மாற்றும்போது எங்கோ விட்டுவிட்டோம். அப்பாவின் காக்கிக் கோட்டு நாய் படுக்கத் துணியாகி, கிழிந்து, அதுவும் இல்லாமல் போனது. அப்பாவும் இல்லை. மன்னவனூர் வீட்டுக்குப் பக்கத்தில் இப்போது டூரிஸ்ட்காரர்களுக்குக் கூடாரம் போட்டிருக்கிறார்கள் என்று யாரோ படம் அனுப்பினார்கள். நான் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

இன்னும் ஒன்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

அம்மா டவுனில் தமிழாசிரியை ஆனாள். நான் பிளஸ் ஒன் வந்தபோது அவளே எனக்கு வகுப்பெடுத்தாள். அந்த ஆண்டுப் பாடநூலில் அந்தக் கவிதை இருந்தது. கவிஞரின் பெயரும் அச்சாகியிருந்தது, எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. அம்மா அன்று என்ன செய்யப் போகிறாள் என்று நான் முதல் பெஞ்சில் காத்திருந்தேன். அவள் புத்தகத்தைத் திறந்தாள். கவிதையை ஒரு முறை வாசித்தாள். பிறகு பழைய அமைப்பு, புதிய சமுதாயம், விடியல் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நாங்கள் எழுதினோம். பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள். ஓய்வு பெறும்வரை ஒவ்வோர் ஆண்டும் அதைத்தான் சொன்னாள் என்று பின்னால் படித்தவர்கள் சொல்லித் தெரியும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சண்டை போட்டேன். பதினாறு வயது. எனக்கு எல்லாம் தெரியும் என்ற வயது. பயந்துவிட்டாய், இன்ஸ்பெக்டருக்குப் பயம், மார்க்குக்குப் பயம், நீங்கள் இரண்டு பேரும் கண்டுபிடித்ததை ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். கொஞ்சகாலம் அவளை நான் மதிக்கவே இல்லை என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை. அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கட்டிலில் உட்கார்ந்து அவற்றை நீவிக்கொண்டே சொன்னாள்.

"அந்தக் கவிதைய ஒருத்தங்க வாசிச்சு முடிச்சுட்டாங்கம்மா. அவங்க சொன்னத நான் திருப்பிச் சொன்னேன்னா, என் வாயில அது பொய்யாப் போயிரும். அவங்க பட்டது நான் படல. வேற மாதிரி சொன்னாலும் பொய்தான். அதான் நோட்ஸச் சொல்லிட்டேன். அது யாருக்கும் சொந்தமில்ல."

அம்மா எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, பையிலிருந்து விடைத்தாள் கட்டை எடுத்துப் பிரித்தாள். அன்று அவளுக்குத் திருத்த நிறைய இருந்தது.